அமிலத்துக்கு பி.எச். எட்டா? – ஒரு கணக்கும் ஒரு மன்னிப்பும்



இந்த முறை நம் சுவர் இதழில் கவிதை இல்லை, விடுகதை இல்லை, ஒரு கணக்கு. "ஐயோ, கணக்கா!" என்று அடுத்த தாளுக்குத் தாவிடாதீங்க. இந்தக் கணக்கால் எங்க வகுப்பில் நாலு பேருக்கு மார்க் போச்சு. அதில் மூணு பேருக்குப் போனது என்னால. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது இதுதான். போன மாதத் தேர்வுக்கு முன்னாடி, மதியம் சாப்பிட்டுட்டு வேப்பமரத்தடியில் உக்காந்து படிச்சிட்டு இருந்தோம். "அயனிச் சமநிலை" பாடத்தில் பி.எச். கணக்கு எனக்கு நல்லா வரும்னு எனக்கு ஒரு நினைப்பு. தோழிகள் மூணு பேர் கேட்டாங்க. நானும் பெரிய டீச்சர் மாதிரி, "ரொம்ப ஈஸிடி! பத்தின் அடுக்கில் என்ன எண் இருக்கோ, மைனஸை எடுத்துட்டு அதை அப்படியே எழுதிடு. அதான் பி.எச்.!" என்று சொல்லிக் கொடுத்தேன். மூணு பேரும் தலையாட்டினாங்க.

தேர்வில் மூணு மார்க் கேள்வி: "10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். மதிப்பைக் கணக்கிடுக." நாலு பேரும் ஒரே வரியில் பதில் எழுதினோம்: 8.

பேப்பர் வந்தப்போ, என் தாளில் அந்த எட்டைச் சுத்தி ஒரு சிவப்பு வட்டம். பக்கத்தில் டீச்சர் எழுதியிருந்தாங்க: "அமிலம் எப்போது காரமாக மாறியது?"

எனக்குப் போனது மூணு மார்க்தான். ஆனா, மூணு பேரில் ஒருத்திக்கு அந்த மூணு மார்க் இருந்திருந்தா பாஸ். அவ என்னைத் திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. ஒண்ணுமே சொல்லாம பேப்பரை மடிச்சுப் பையில் வச்சுக்கிட்டா. அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

அன்னிக்கு சாயங்காலம் வீட்டில் பாட்டிகிட்ட ஒரு கேள்வி கேட்டேன். "பாட்டி, துணியில் பட்ட மஞ்சள் கறை எதனால சிவப்பாகும்?" "சோப்பு பட்டா ஆகும்டி. இதுகூடவா தெரியாது?" "எலுமிச்சம்பழச் சாறு பட்டா?" "அது எப்படிச் சிவக்கும்? மஞ்சளாவேதான் இருக்கும்."

பாருங்க, காரம்தான் மஞ்சளைச் சிவக்க வைக்கும், அமிலம் வைக்காது என்பது பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்குத் தெரியுது. அமிலத்துக்குக் கார எண் எழுதிட்டு வந்த எனக்குத் தெரியல! சரி, இப்போ முதலில் இருந்து ஒழுங்கா வருவோம்.

1. பி.எச். என்றால் என்ன?

ஒரு கரைசலில் எவ்வளவு ஹைட்ரஜன் அயனி இருக்கிறது என்பதைச் சொல்லும் எண்தான் பி.எச். அந்த அளவுகள் மிக மிகச் சிறியவை. 0.001, 0.0000001 என்று ஒவ்வொரு முறையும் சுழியங்களை எண்ணிக்கொண்டிருக்க முடியுமா? 1909-ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டு வேதியியலாளர் சோரன்சன் இதற்கு ஒரு வழி சொன்னார். அவர் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் நொதிகளைப் பற்றி ஆராய்ந்து வந்தார். நொதிகளின் வேலை, கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனியின் அளவைப் பொறுத்துக் கூடும், குறையும். அதனால் அந்த அளவைச் சுருக்கமாகக் குறிக்க அவருக்கு ஒரு எண் தேவைப்பட்டது.

அவர் தந்த வரையறை:

பி.எச். = – லாக் [ஹைட்ரஜன் அயனிச் செறிவு]

செறிவு என்பது ஒரு லிட்டரில் எத்தனை மோல் என்ற கணக்கு. சதுர அடைப்புக்குறி போட்டால் செறிவு என்று பொருள்.

செறிவு 10⁻³ என்றால் லாக் –3. முன்னால் ஒரு மைனஸ் இருப்பதால் பி.எச். 3.

இங்கே ஒரு விஷயத்தை மனசில் பதிய வச்சுக்கணும். பி.எச். ஒரு எண் குறைந்தால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு கூடும். இரண்டு எண் குறைந்தால் நூறு மடங்கு. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். சுமார் 2, சுத்தமான தண்ணீருக்கு 7. வித்தியாசம் ஐந்துதானே என்று நினைக்காதீங்க. எலுமிச்சைச் சாற்றில் ஹைட்ரஜன் அயனி ஒரு லட்சம் மடங்கு அதிகம்!

2. தண்ணீரும் சும்மா இருக்காது

நான் செய்த தப்பு இங்கேதான் ஆரம்பம். தண்ணீரை வெறும் பாத்திரம் மாதிரி நினைச்சுட்டேன். அமிலத்தைக் கரைக்க ஒரு இடம், அவ்வளவுதான்னு.

ஆனால் தண்ணீரும் கொஞ்சம் பிரிகிறது. ஒரு ஹைட்ரஜன் அயனியும் ஒரு ஹைட்ராக்சைடு அயனியும் வரும். 25 டிகிரி செல்சியஸில் இந்த இரண்டின் செறிவையும் பெருக்கினால் எப்போதும்

[ஹைட்ரஜன் அயனி] × [ஹைட்ராக்சைடு அயனி] = 10⁻¹⁴

இதுதான் தண்ணீரின் அயனிப் பெருக்கம். சுத்தமான தண்ணீரில் இரண்டும் சமம். ஆகவே ஒவ்வொன்றும் 10⁻⁷. பி.எச். 7.

இது எவ்வளவு சின்ன அளவு தெரியுமா? ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 55.5 மோல் தண்ணீர் மூலக்கூறுகள் உண்டு. அதில் 10⁻⁷ மோல்தான் பிரிந்திருக்கும். அதாவது சுமார் 55 கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்று! இவ்வளவு குறைவு என்பதால்தான் பெரும்பாலான கணக்கில் தண்ணீரின் பங்கை விட்டுவிடுகிறோம். "பெரும்பாலான" என்ற சொல்லைக் கவனிங்க. எல்லாக் கணக்கிலும் விட முடியாது.

மேலே உள்ள சமன்பாட்டுக்கு லாக் எடுத்தால் இன்னொரு வசதி:

பி.எச். + பி.ஓ.எச். = 14

பி.ஓ.எச். என்பது ஹைட்ராக்சைடு அயனிக்கு எடுக்கும் அதே மைனஸ் லாக்.

3. வலிமை மிகு அமிலமும் காரமும்

ஹைட்ரோகுளோரிக் அமிலம் தண்ணீரில் முழுசாகப் பிரிந்துவிடும். எவ்வளவு அமிலம் போட்டோமோ அவ்வளவு ஹைட்ரஜன் அயனி.

எடுத்துக்காட்டு 1: 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஹைட்ரஜன் அயனி 10⁻². பி.எச். 2.

எடுத்துக்காட்டு 2: 0.02 மோலார் என்றால்? அதாவது 2 × 10⁻². லாக் 2 = 0.3010. பி.எச். = 2 – 0.3010 = 1.70.

இந்த இடத்தில் நிறையப் பேர் 2.30 என்று எழுதுறாங்க. கூட்டக் கூடாது, கழிக்கணும். செறிவு கூடினால் பி.எச். குறையணும் இல்லையா? 0.01-ஐ விட 0.02 அதிகம். ஆகவே விடை 2-க்குக் கீழேதான் வரணும். லாக் டேபிளை மூடுவதற்கு முன்னாடி இந்த ஒரு சோதனை போதும்.

காரம் வந்தால் முதலில் பி.ஓ.எச். கண்டுபிடிச்சு, பிறகு 14-இலிருந்து கழிக்கணும்.

எடுத்துக்காட்டு 3: 0.005 மோலார் கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீர்த்த சுண்ணாம்புத் தண்ணி. ஒரு மூலக்கூறு இரண்டு ஹைட்ராக்சைடு அயனி தரும். எனவே ஹைட்ராக்சைடு 2 × 0.005 = 0.01. பி.ஓ.எச். 2. பி.எச். = 14 – 2 = 12. அந்த இரண்டால் பெருக்குவதை மறந்தால் விடை மாறிடும்.

4. இப்போ நம்ம 10⁻⁸ கணக்கு

அமிலம் தரும் ஹைட்ரஜன் அயனி 10⁻⁸. தண்ணீர் தனியாக இருந்தாலே 10⁻⁷ தரும். எது பெரிசு? 10⁻⁷தான், பத்து மடங்கு பெரிசு! அமிலம் தருவது ஒரு ரூபாய், தண்ணீர் தருவது பத்து ரூபாய் மாதிரி. நான் ஒரு ரூபாயை மட்டும் எண்ணிட்டு, பத்து ரூபாயைக் கீழே விட்டுட்டு வந்திருக்கேன்.

சரி, 10⁻⁷-யும் 10⁻⁸-யும் கூட்டிடலாமா? 1.1 × 10⁻⁷ வரும், பி.எச். 6.96. இது கிட்டத்தட்ட சரி. ஆனா துல்லியம் இல்லை. ஏன்னா அமிலம் உள்ளே வந்ததும் தண்ணீர் தன் பிரிகையைக் கொஞ்சம் குறைச்சுக்கும். லீ சாட்லியர் கொள்கை படிச்சோமே, அதேதான்.

அதனால் தண்ணீர் தரும் அளவை "க" என்று வைப்போம். ஹைட்ராக்சைடு தண்ணீரிலிருந்து மட்டும்தான் வருகிறது. அதுவும் "க". மொத்த ஹைட்ரஜன் அயனி 10⁻⁸ + க. எனவே

(10⁻⁸ + க) × க = 10⁻¹⁴

இது கணிதப் பாடத்தில் போடும் இருபடிச் சமன்பாடு. தீர்த்தால் க = 9.51 × 10⁻⁸. தனியாக இருந்தபோது தண்ணீர் தந்தது 10 × 10⁻⁸, இப்போ 9.51 × 10⁻⁸. குறைஞ்சிருக்கு, பாத்தீங்களா?

மொத்த ஹைட்ரஜன் அயனி = 1 × 10⁻⁸ + 9.51 × 10⁻⁸ = 1.051 × 10⁻⁷.
பி.எச். = 7 – 0.02 = 6.98.

ஏழுக்கு ஒரு முடியளவு கீழே. அமிலம், ஆனால் மிக மிக நீர்த்த அமிலம். அமிலத்தை எவ்வளவு தண்ணீர் ஊற்றி நீர்த்தாலும் பி.எச். ஏழை நோக்கிப் போகுமே தவிர, ஏழைத் தாண்டி எட்டுக்கு ஒருநாளும் போகாது. பாட்டியின் மஞ்சள் சிவக்கவே சிவக்காது!

எப்போ தண்ணீரைக் கணக்கில் சேர்க்கணும்? அமிலச் செறிவு 10⁻⁶ அல்லது அதுக்கு மேல இருந்தா தண்ணீரின் பங்கு நூற்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. விட்டுடலாம். அதுக்குக் கீழே போனால் சேர்த்தே ஆகணும்.

5. வலிமை குறைந்த அமிலம்

வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம். இது முழுசாகப் பிரியாது. எவ்வளவு பிரியும் என்பதைச் சொல்வது அதன் பிரிகை மாறிலி. 25 டிகிரியில் 1.8 × 10⁻⁵.

0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தை எடுப்போம். பிரியும் அளவு மிகக் குறைவு என்று வைத்துக்கொண்டால்,

[ஹைட்ரஜன் அயனி] = வர்க்கமூலம் (பிரிகை மாறிலி × செறிவு)
= வர்க்கமூலம் (1.8 × 10⁻⁵ × 0.1)
= வர்க்கமூலம் (1.8 × 10⁻⁶) = 1.34 × 10⁻³

பி.எச். = 3 – 0.13 = 2.87.

இதே 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்றால் பி.எச். 1 வந்திருக்கும். அசிட்டிக் அமிலத்தில் நூறு மூலக்கூறுக்கு ஒன்றிரண்டுதான் பிரிகிறது. மீதி அப்படியே இருக்கு. இதிலிருந்து ஒன்று தெரிஞ்சுக்கலாம்: "வலிமை" வேறு, "செறிவு" வேறு. எவ்வளவு போட்டோம் என்பது செறிவு. போட்டதில் எவ்வளவு பிரியும் என்பது வலிமை.

"பிரியும் அளவு மிகக் குறைவு என்று வைத்துக்கொண்டால்" என்று ஒரு வரி எழுதினேன் இல்லையா? அந்த வரியைச் சும்மா எழுதக் கூடாது, விடை வந்ததும் சரிபார்க்கணும். 0.1-இல் 0.00134 என்பது 1.34 சதவீதம். ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் சூத்திரம் செல்லும்.

அதே அமிலத்தை 0.001 மோலாருக்கு நீர்த்தால்? அதே சூத்திரத்தில் ஹைட்ரஜன் அயனி 1.34 × 10⁻⁴ வரும். அது 13.4 சதவீதம்! சூத்திரம் செல்லாது. இருபடிச் சமன்பாடு போட்டால் 1.25 × 10⁻⁴ வரும். பி.எச். 3.90. சூத்திரப்படி வந்திருக்கும் விடை 3.87.

வலிமை குறைந்த காரத்துக்கும் இதே முறைதான். 0.1 மோலார் அம்மோனியாக் கரைசலுக்கும் பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵தான். ஆகவே பி.ஓ.எச். 2.87, பி.எச். 11.13. அமிலத்தில் போட்ட கணக்கையே மறுபக்கம் திருப்பிட்டோம், அவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரியுமா?
பி.எச். மீட்டர் பிறந்தது எலுமிச்சைச் சாற்றால்! 1934-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மையை அளக்க வேண்டியிருந்த ஒரு நண்பருக்காக ஆர்னால்டு பெக்மன் என்ற வேதியியல் பேராசிரியர் செய்து கொடுத்த கருவியிலிருந்து வளர்ந்ததுதான் அது.

6. தாங்கல் கரைசல் – அடி வாங்கியும் அசையாதது

சுத்தமான தண்ணீர் ஒரு லிட்டர் எடுங்க. அதில் 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்க. பி.எச். 7-இலிருந்து ஒரே தாவாக 2-க்கு இறங்கிடும்.

இப்போ இன்னொரு லிட்டர். இதில் 0.1 மோல் அசிட்டிக் அமிலமும் 0.1 மோல் சோடியம் அசிட்டேட்டும் இருக்கு. அதே 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால்? பி.எச். 4.74-இலிருந்து 4.66. அவ்வளவுதான் இறக்கம்!

எப்படி? வலிமை குறைந்த அமிலமும் அதன் உப்பும் சேர்ந்து இருப்பதுதான் காரணம். வெளியிலிருந்து அமிலம் வந்தால், உப்பு தரும் அசிட்டேட் அயனி ஓடிப்போய் அதைப் பிடிச்சு அசிட்டிக் அமிலமாக மாத்திடும். காரம் வந்தால் அசிட்டிக் அமிலம் எதிரே போய் நடுநிலையாக்கிடும். முன்வாசலுக்கு ஒருத்தர், பின்வாசலுக்கு ஒருத்தர்!

கணக்கு எப்படிப் போடுவது? பிரிகை மாறிலியின் வரையறையைக் கொஞ்சம் மாத்தி எழுதினால் போதும்:

[ஹைட்ரஜன் அயனி] = பிரிகை மாறிலி × [அமிலம்] ÷ [உப்பு]

இதற்கு லாக் எடுத்தால்,

பி.எச். = பி.கே.ஏ. + லாக் ([உப்பு] ÷ [அமிலம்])

பி.கே.ஏ. என்பது பிரிகை மாறிலியின் மைனஸ் லாக். அசிட்டிக் அமிலத்துக்கு 5 – 0.26 = 4.74. முதல் வடிவத்தை 1908-இல் அமெரிக்கரான ஹென்டர்சன் தந்தார். லாக் வடிவத்தை 1916-இல் டென்மார்க்கின் ஹேசல்பாக் தந்தார். அதனால்தான் புத்தகத்தில் இரண்டு பெயரும் சேர்ந்து வருது.

(அ) தொடக்கத்தில்: உப்பு 0.1, அமிலம் 0.1. விகிதம் 1, லாக் 1 = 0. பி.எச். = 4.74.

(ஆ) 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்த பின்: உப்பு 0.1 – 0.01 = 0.09. அமிலம் 0.1 + 0.01 = 0.11. லாக் (0.09 ÷ 0.11) = –0.09. பி.எச். 4.66.

(இ) அதற்குப் பதில் 0.01 மோல் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்திருந்தால்: உப்பு 0.11, அமிலம் 0.09. பி.எச். 4.83.

முதலில் கூட்டல் கழித்தல், பிறகுதான் சூத்திரம். இந்த வரிசையை மாத்தினா மார்க் போயிடும்.

தாங்கலுக்கும் ஒரு எல்லை உண்டு. அதே கரைசலில் 0.1 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொட்டினால்? உப்பு முழுசும் தீர்ந்துபோகும். 0.1 – 0.1 = 0. சூத்திரத்தில் போட்டால் லாக் சுழியம்! அப்படி ஒரு மதிப்பே கிடையாது. "நான் இங்கே செல்ல மாட்டேன்" என்று சூத்திரமே சொல்லுது. இப்போ இருப்பது 0.2 மோலார் அசிட்டிக் அமிலம். ஐந்தாம் பகுதிக் கணக்குப்படி பி.எச். 2.72. காவல்காரர் போய்விட்டார், வாசல் திறந்துகிடக்கு.

7. நம் உடம்புக்குள்ளேயும் இதே கணக்கு

"இதெல்லாம் படிச்சு என்ன ஆகப்போகுது?" என்று கேட்பவர்களுக்காக இந்தப் பகுதி. நம் தமனி ரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில்தான் இருக்கணும். அதைக் காப்பாற்றுவதில் பெரிய பங்கு கார்பானிக் அமிலம் – பைகார்பனேட் தாங்கலுக்கு.

பைகார்பனேட் லிட்டருக்குச் சுமார் 24 மில்லிமோல். கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடு சுமார் 1.2 மில்லிமோல். இதற்கான பி.கே.ஏ. 6.1. கணக்குப் போடுங்க:

24 ÷ 1.2 = 20. லாக் 20 = 1.30. பி.எச். = 6.1 + 1.3 = 7.4.

வந்துடுச்சு, பாத்தீங்களா! வினிகருக்குப் போட்ட அதே சூத்திரம்தான்.

மூச்சு சரியா வெளியே போகலைன்னு வையுங்க. கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் தங்கிடும். அது 1.5 ஆகுது, பைகார்பனேட் மாறலைன்னு வச்சுக்குவோம். 24 ÷ 1.5 = 16. லாக் 16 = 1.20. பி.எச். 7.3. இயல்பு எல்லைக்குக் கீழே போயிடுச்சு. அதனால்தான் மூச்சுத்திணறலோட வரும் நோயாளிக்கு, தேவைப்பட்டா தமனியிலிருந்து ரத்தம் எடுத்து பி.எச். பாக்குறாங்க.

இன்னொன்று. 7.4-இலிருந்து 7.1-க்குப் போனா, "0.3தானே" என்று தோணும். ஆனால் 0.3 என்பது லாக் 2. அதாவது ஹைட்ரஜன் அயனி இரண்டு மடங்காயிடுச்சு! 4 × 10⁻⁸-ஆக இருந்தது 8 × 10⁻⁸. உயிருக்கே ஆபத்தான நிலை. நான் "சின்ன எண்"ணுன்னு அலட்சியமாப் போட்ட அந்த 10⁻⁸ அளவில்தான் நம்ம எல்லோர் உயிரும் இருக்கு.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கிறேன். "ஏழு என்றால் நடுநிலை" என்பது 25 டிகிரிக்குத்தான். சூடு கூடினால் தண்ணீர் இன்னும் கொஞ்சம் பிரியும். நம் உடல் வெப்பநிலையான 37 டிகிரியில் நடுநிலை சுமார் 6.8. அதற்காகத் தண்ணீர் அமிலமாயிட்டதுன்னு சொல்லாதீங்க. இரண்டு அயனியும் அப்போதும் சமமாகவே இருக்கும்.

8. பேனா எடுப்பதற்கு முன் நாலு கேள்வி

இனிமே பி.எச். கணக்கு வந்தால் சூத்திரத்தைத் தேடி ஓடாதீங்க. முதலில் இந்த நாலையும் கேளுங்க:

ஒன்று: ஹைட்ரஜன் அயனியை (அல்லது ஹைட்ராக்சைடை) யார் தர்றாங்க? அமிலமா, காரமா, தண்ணீரா, இல்லை எல்லாருமா?
இரண்டு: முழுசாப் பிரியுமா, கொஞ்சமாப் பிரியுமா?
மூன்று: ஒண்ணோடொண்ணு வினைபுரிந்து தீர்ந்துபோறது ஏதாவது இருக்கா? இருந்தா முதலில் அதைக் கழிச்சுட்டேனா?
நான்கு: வந்த விடை நியாயமா? அமிலத்துக்கு ஏழுக்குக் கீழேயும், காரத்துக்கு ஏழுக்கு மேலேயும் இருக்கா?

நாலாவது கேள்வியை மட்டும் அன்னிக்குக் கேட்டிருந்தாலே போதும். நாலு பேருக்கும் மார்க் போயிருக்காது.

நீங்களே போட்டுப் பாருங்க!

1) 0.05 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச்.?
2) 0.0005 மோலார் கால்சியம் ஹைட்ராக்சைடின் பி.எச்.?
3) 0.2 மோலார் அசிட்டிக் அமிலமும் 0.1 மோலார் சோடியம் அசிட்டேட்டும் உள்ள கரைசலின் பி.எச்.?
4) 50 மில்லி 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் 50 மில்லி 0.05 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் பி.எச்.?

(விடைகள்: 1) 1.30 2) 11 3) 4.44 4) 1.60. போடாமப் பாக்கக் கூடாது, ஆமா!)

கடைசியா ஒரு வார்த்தை

மூணு தோழிகளுக்கும் இந்தச் சுவரில், எல்லோர் முன்னாடியும் சொல்றேன்: மன்னிச்சுக்கோங்கடி. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிக் கொடுத்தது என் தப்பு. சிவப்பு வட்டத்தோட விட்டுடாம, இடைவேளையில் உக்கார வச்சு மறுபடி விளக்கிச் சொன்ன டீச்சருக்கு நன்றி.

இந்தக் கட்டுரையைச் சார்ட்டில் அழகான கையெழுத்தில் எழுதித் தந்தது யார் தெரியுமா? அன்னிக்குப் பேப்பரை மடிச்சுப் பையில் வச்சாளே, அவதான். எழுதிட்டே வந்தவ நாலாவது கணக்குக்கிட்ட நிறுத்திட்டா. "ஏய், ரெண்டையும் கலந்தா மொத்தம் நூறு மில்லி ஆகுமே. நீ அம்பதால வகுத்து 1.30-ன்னு போட்டிருக்க" என்றாள். மறுபடி போட்டுப் பாத்தேன். மீதி அமிலம் 0.0025 மோல், கரைசல் 0.1 லிட்டர், செறிவு 0.025. பி.எச். 1.60. அவ சொன்னதுதான் சரி!

மேலே நீங்க பாக்குற 1.60 அவ திருத்தினது. அடுத்த தேர்வுக்கு வேப்பமரத்தடியில் அவதான் சொல்லித் தரப்போறா. நான் நோட்டோட முன்னாடியே போய் உக்காந்துடுவேன்.

தப்பு இருந்தால் சொல்லுங்க, திருத்திக்கிறேன்.

– பன்னிரண்டாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி